பதினேழாம் குழி எத்தனை மூட்டை குடித்தது

பால்காரி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். மாடும் கிடையாது, கன்றும் கிடையாது. சிமெண்டைத் தண்ணீரில் கரைத்தால் வரும் சாம்பல் நிறக் குழம்புக்குக் கட்டட வேலையில் சிமெண்ட் பால் என்று பெயர். அதைக் கலக்கி, பம்பில் விட்டு, தரைக்குள் அனுப்புவது பதினோரு வருடமாக அவள் தொழில். கம்பெனிப் பதிவேட்டில் மட்டும் 'உதவியாள், பெண்' என்று போட்டிருக்கும். யாருக்கு உதவி என்று போட்டிருக்காது. அவள் கை ஓய்ந்தால் அங்கே ஒரு வேலையும் நடக்காது.

அந்தக் கம்பெனி கட்டடம் கட்டுவதில்லை. கட்டி முடித்து, ஆட்கள் குடியேறி, பிறகு ஒரு பக்கம் இறங்க ஆரம்பித்த கட்டடங்களுக்குக் கால் வைத்துக் கொடுக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துளை, பதினான்கு மீட்டர் ஆழம், அடியில் பாறை. துளைக்கு நடுவில் கைப்பிடி நிறையும் தடிமனில் ஒரு கம்பி. சுற்றிலும் சிமெண்ட் பால். பால் இறுகினால் அது ஒரு மெல்லிய தூண். மைக்ரோ பைல் என்பார்கள். பெரிய தூண் இறக்கப் பெரிய இயந்திரம் வேண்டும். அது குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையாது. இந்த இயந்திரமோ கதவைக் கழற்றினால் படுக்கையறைக்குள்ளேயே வந்துவிடும்.

இயந்திரத்தை ஓட்டுபவர் பால்காரியின் அண்ணன். அண்ணனும் அண்ணியும், பால்காரியும் அவள் மகளும் ஒரே வீட்டில், இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். காலையில் ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போவார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள்.

அவள் சேர்ந்த புதிதில் பாலுக்குத் தண்ணீர் விடுவது கண்மதிப்பில்தான் நடந்தது. பால் இளக்கமாக இருந்தால் பம்பு சுகமாக ஓடும், ஆட்களுக்கும் சுகம். ஆனால் இறுகியபின் தூண் பொரி மாதிரி நொறுங்கும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. வருகிறவன் போகிறவனெல்லாம் "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். பால்காரி யாரிடமும் வாதாடவில்லை. பெரிய வாளி ஒன்றை எடுத்து, இருபத்திரண்டரை லிட்டர் நிற்கும் உயரத்தில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டாள். அதற்கு மேல் ஊற்றினால் ஓட்டை வழியாக ஓடிவிடும்.

"ஓட்டை வாளியை வெச்சுப் பொழைக்கிற ஒரே பொம்பளை நீதான்" என்றார் அண்ணன்.

"உன் வாய் மாதிரி இல்லண்ணா. இது அளவு தாண்டினாத்தான் ஒழுகும்."

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அவள் இடக்கைக்காரி. சிமெண்ட் மூட்டையை வளைந்த கத்தியால் இடது மூலையில் ஒரே இழுப்பாக வெட்டுவாள். வெட்டு நேராக, தையல் பிரித்தது போல இருக்கும். ஒரு குழிக்கு வெட்டிய காலி மூட்டைகளை அடுக்கி, கம்பியால் கட்டி, மேலே குழியின் எண்ணைச் சாக்கட்டியால் எழுதுவாள். அந்தக் கட்டைப் பால் ஊற்றிய குழியின் தலைமேல் வைத்துவிடுவாள். ஈரத் தூணை யாரும் மிதிக்காமல் இருக்க ஒரு மூடி. அதுவே எத்தனை மூட்டை போயிற்று என்பதற்குச் சாட்சி. சூப்பர்வைசரிடம் ரிஜிஸ்டர் இருந்தது. ரிஜிஸ்டரில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். மூட்டையின் வாயை யார் வெட்டினார்கள் என்பதை மூட்டையே சொல்லும்.

இந்தக் கதை நடந்த கட்டடம் நான்கு மாடி, பதினாறு வீடு. பக்கத்து மனையில் கடை கட்டுகிறவர்கள் தரைக்கடியில் இரண்டு தளத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். ஓரத்தில் முட்டுக் கொடுக்காமல் வெட்டினார்கள், முட்டுக் கொடுத்தால் நாள் ஆகும் என்பதால். இந்தப் பக்கத்து மூலை இறங்கியது. சுவர் வாய் பிளந்தது. கட்டடத்துக்கு நேரம் சரியில்லை என்று மேல்மாடிக்காரர் ஒருவர் சொன்னார். நேரம் எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தை வெட்டியவன் பெயரைச் சொல்லத் தைரியமில்லாதவர்கள் நேரத்தின் மேல் பழியைப் போடுவார்கள். நேரம் திருப்பி வழக்குப் போடாது.

முப்பத்திரண்டு பைல் இறக்குவதென்று வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கம் தீர்மானித்தது. தீர்மானித்தவர்களில் ஒருவர்கூடத் தரைத்தளத்தில் குடியிருக்கவில்லை. தரைத்தளத்தில் இருந்தவர்கள் வாடகைக்காரர்கள். அவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. துளை போட்டது மட்டும் அவர்கள் வீட்டுக்குள்.

இறங்கிய மூலை வீட்டில் வாடகைக்கு இருந்தவள் ஒரு தையல்காரி. மூன்று தையல் மிஷின், இரண்டு பிள்ளைகள். முன்னறைச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்றைப் பசை வைத்து ஒட்டி, தேதி எழுதியிருந்தார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நான்கு மாதத்தில் மூன்று கண்ணாடி உடைந்திருந்தது.

பதினேழாம் குழி அந்த முன்னறையில் வந்தது.

சங்கத்துக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம்: காலையில் வீட்டைக் காலி செய்து கொடுத்தால் சாயங்காலம் ஆட்களை உள்ளே விட்டுவிட வேண்டும். சங்கத்துக்கு வாடகைக்காரர்களைத் தங்க வைக்க இடம் தேட வேண்டாம். கம்பெனிக்கு வேலை சீக்கிரம் முடியும். ஒரு நாளில் ஒரு குழியைத் துளைத்து, கம்பி இறக்கி, பாலும் ஊற்றிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தார். பாறை மேலே இருக்கும் இடத்தில் அது நடக்கும். பதினேழில் பாறைக்குப் போகவே மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது.

துளை இடிந்து விழாமல் இருக்க உள்ளே இரும்புக் குழாய் இறக்கிக்கொண்டே போவார்கள். ஒரு மீட்டர் நீளத் துண்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகியவை. அடியிலிருந்து பால் ஏறி, குழாய் வாய் வழியாக வழிந்ததும், குழாயை ஒவ்வொரு துண்டாக உருவ வேண்டும். ஒரு துண்டு உருவினால் பால் மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றி நிரப்பிவிட்டு அடுத்த துண்டு. பால்காரி வெளியே பால் கலக்கும் மிக்சர் பக்கத்தில் இருப்பாள், பால் போகும் ரப்பர் குழாய் ஜன்னல் வழியாக உள்ளே போகும். இயந்திரச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அண்ணன் ஸ்பேனரால் இரும்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் அனுப்பு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

அன்றைக்கு ஒன்பது மூட்டை போனதும் இரண்டு தட்டு வந்தது. அடுத்த மூட்டையை வெட்டக் கத்தியோடு காத்திருந்தாள். தட்டு வரவேயில்லை. அரை மணி கழித்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"முடிஞ்சது. பைப்பைக் கழுவு."

"ஒன்பதுதாண்ணா போயிருக்கு. பதினாறாம் குழி பதிமூணு குடிச்சது."

"இது குடிக்கல. குழாயை உருவ உருவப் பால் மட்டம் இறங்கவே இல்ல. மண்ணு இறுக்கம் போல. வந்து பாரு, வாய் வரைக்கும் நிக்குது."

வந்து பார்த்தாள். நின்றது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி இரண்டு பிள்ளைகளோடு வாசலில் நின்றாள். பால்காரி ஒன்பது மூட்டையைக் கட்டி, 17 என்று எழுதி, குழியின் தலையில் வைத்துவிட்டு வந்தாள்.

ஸ்கூட்டரில் அன்றைக்குச் சண்டை நடக்கவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டை சிமெண்ட், வாளித் தண்ணீர், இரண்டும் சேர்ந்தால் முப்பத்தெட்டு லிட்டர் பால். குழியின் கொள்ளளவில் கம்பிக்குப் போக மிச்சத்தை நிரப்பக் குறைந்தது பதினோரு மூட்டை வேண்டும். மண் இறுக்கமாக இருந்தால் பன்னிரண்டாவதும் பதிமூன்றாவதும் போகாமல் இருக்கலாம். பதினோராவது போகாமல் இருக்க முடியாது. ஒன்பது மூட்டைப் பால், பதினோரு மூட்டைப் பள்ளத்தை வாய்வரை நிரப்பியிருக்கிறது என்றால் மீதி இரண்டு மூட்டை இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. குழிக்குள் பாலைத் தவிர இருக்கக் கூடியது சேறு மட்டும்தான்.

ஐந்தாவது மீட்டரில் களி மாதிரி ஒரு மண் வந்ததை அண்ணனே சொல்லியிருந்தார். குழாய் மேலே போனதும் அந்தக் களி உள்ளே பிதுங்கியிருக்கும். பிதுங்கிய களி, பாலை மேலே தள்ளியிருக்கும். அதனால்தான் மட்டம் இறங்கவில்லை. ஆளின் கழுத்தை நெரித்தால் கண் பிதுங்கும். அதைப் பார்த்துவிட்டு ஆள் நல்ல பூரிப்பாக இருக்கிறான் என்று சொன்ன கதை.

மறுநாள் காலை கட்டைத் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. எண்ணினாள். பதிமூன்று.

ஒன்பதின் வாய் இடது மூலையில் நேராக வெட்டியிருந்தது. நான்கின் வாய் கரண்டியால் குத்திக் கிழித்தது. பூச்சு வேலைக்காரர்கள் அப்படித்தான் கிழிப்பார்கள். மேல்மாடியில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது.

மூட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

"இது யாரு கை?"

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். "ரிஜிஸ்டர்ல பதிமூணுன்னு எழுதிட்டாராம். கட்டுலயும் பதிமூணு இருக்கணும்னார் சூப்பர்வைசர். நீ கைகழுவப் போயிருந்த."

"நீ வெச்சியா, அவர் வெச்சாரா?"

"நான்தான் வெச்சேன். இப்ப என்னாங்கிற? முப்பத்திரண்டுல ஒண்ணு. மத்தது தாங்கிக்கும்."

"எந்த ஒண்ணுண்ணா? மூலையில நிக்கிறது. அது தாங்கலன்னா பதினாறும் பதினெட்டும் தாங்கணும். உன் மூட்டையையும் சேர்த்து நான் தூக்கினா எத்தனை நாள் தூக்குவேன்?"

"இருபது வருஷமா ஒரு குழி கெட்டதில்ல என் கையில."

"கெட்டது உனக்குத் தெரிஞ்சதில்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஸ்கூட்டரில் பேச்சில்லை.

அவள் உடனே போய் யாரிடமும் சொல்லிவிடவில்லை. இதை மறைத்து எழுதினால் அவளைப் பொம்மையாக்குவதாகும். பதினான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சொன்னால் முதலில் போவது அண்ணன் வேலை. அண்ணி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள், ஆனால் தட்டு வைக்கும் சத்தம் மாறும். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. இத்தனையும் ஒரு பக்கம். மறுபக்கம் ஒரு சுவரும், ஒரு கண்ணாடிச் சில்லும்.

ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மூலை வீட்டுக்குப் போய்ச் சில்லைப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் தையல்காரி கேட்டாள்: "ஏன் அக்கா, இனிமே பிள்ளைங்களை இந்த அறையிலேயே படுக்க வைக்கலாமில்ல? வேலை முடிஞ்சிருச்சே."

"இன்னும் சோதனை இருக்கும்மா. அதுவரைக்கும் உள்ளறையிலயே படுக்கட்டும்" என்றாள் பால்காரி.

"நீங்களே போட்ட தூணு, உங்களுக்கே சந்தேகமா?" என்று தையல்காரி சிரித்தாள். பால்காரிக்குச் சிரிக்க வரவில்லை.

சோதனைக்கு வரும் இன்ஜினியர் கம்பெனி ஆள் இல்லை, சங்கம் தனியாக வைத்தவர். முப்பத்திரண்டில் ஏதாவது ஒன்றின் மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பார். எதன் மேல் என்று கம்பெனியே நைசாகக் கைகாட்டிவிடுவது வழக்கம். சோதனை நாள் காலையில், ஸ்கூட்டரை விட்டு இறங்கும்போது பால்காரி சொன்னாள்.

"அண்ணா, நான் சொல்லத்தான் போறேன். நீயே முன்னாடி சொல்லிட்டா நல்லது."

அண்ணன் வண்டியைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

இன்ஜினியர் வெயில் தொப்பி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். வரைபடத்தை விரித்ததும் சூப்பர்வைசர் விரலை வைத்தார். "நாலாம் நம்பர் வசதியா இருக்கும் மேடம். இடமும் நிறைய."

"பதினேழைப் பாருங்க மேடம்" என்றாள் பால்காரி.

சூப்பர்வைசர் திரும்பினார். "இது ஹெல்ப்பர் மேடம். பால் கலக்குற பொம்பளை. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"பால் கலக்குறவளுக்குப் பால் எவ்வளவு போச்சுன்னுகூடத் தெரியாதா சார்?"

இன்ஜினியர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். பதினேழு: பதிமூன்று மூட்டை. இயந்திரக்காரரைப் பார்த்துக் கேட்டார். "பதிமூணுதானா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "பதிமூணுதான்."

பால்காரி உள்ளே போய் 17 என்று எழுதிய கட்டைக் கொண்டுவந்து கம்பியை அவிழ்த்தாள். ஒன்பதை ஒரு பக்கம் போட்டாள், நான்கை இன்னொரு பக்கம். பிறகு பதினாறின் கட்டையும் பதினெட்டின் கட்டையும் அவிழ்த்து, எல்லா வாயும் இடது மூலையில் வெட்டியிருப்பதைக் காட்டினாள். "இது என் கத்தி. இந்த நாலும் கரண்டி. பாலுக்கு நான் கரண்டி தொடறதில்ல." பிறகு ஓட்டை வாளியைக் காட்டி, முப்பத்தெட்டு லிட்டர் கணக்கைச் சொன்னாள். பதினோரு மூட்டைக்குக் குறைந்தால் குழி நிரம்பாது என்றாள். அண்ணன் பெயரைச் சொல்லவில்லை.

இன்ஜினியர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"தண்ணியும் வாளியும்தான் மேடம்."

பதினேழுக்கே ஏற்பாடு நடந்தது. இரண்டு பக்கமும் இருந்த பதினாறிலும் பதினெட்டிலும் ஒரு இரும்பு உத்தரத்தைக் கட்டினார்கள். அந்த இரண்டும் நங்கூரம் போல மண்ணைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தை மேலே எழும்ப விடாது. உத்தரத்துக்கும் பதினேழுக்கும் நடுவே ஜாக்கி. ஜாக்கியை அடிக்க அடிக்கப் பதினேழு கீழே அழுத்தப்படும். எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு முள் காட்டும். முப்பது டன் அது தினமும் சுமக்க வேண்டிய பாரம். அறுபது வரை ஏற்றிப் பார்ப்பார்கள்.

ஜாக்கியின் கைப்பிடியை அடிக்கும் வேலை எப்போதும் இயந்திரக்காரருடையது. தான் போட்ட தூணைத் தானே அழுத்திப் பார்ப்பது. அண்ணன் குந்தி உட்கார்ந்தார். தையல்காரியின் மூன்று மிஷின்களும் துணி மூடி ஓரமாக நின்றன. அவள் வாசலில் நின்று பால்காரியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலாம் நம்பர்ல வெச்சிருந்தா என் வீட்டுக்குள்ள வந்திருக்க மாட்டாங்க. மறுபடியும் எல்லாத்தையும் நகர்த்தணும். நீ சும்மா இருந்திருக்கலாமில்ல?"

பால்காரி சுவரில் இருந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்தாள்.

பத்து டன். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. பதினைந்து. நின்றது. சூப்பர்வைசர் முகம் தெளிந்தது. "சொன்னேன்ல மேடம்" என்றார். தூண் நல்லதாக இருக்கட்டும் என்றும் பால்காரி நினைத்தாள். நல்லதாக இருந்தால் தன் கதி என்ன என்றும் நினைத்தாள்.

இருபதுக்குப் போகும்போது அண்ணன் கை நின்றது. இன்ஜினியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்; முள்ளை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் கைப்பிடியை இன்னொரு முறை மெதுவாக அழுத்தினார். உழுத மண்ணில் கால் வைத்தது போல அது தானாகக் கீழே போனது. கை கண்டுபிடித்ததை முள் சொல்ல இன்னும் அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு, ஜாக்கியில் கசிவு என்று சொல்லியிருக்கலாம். ஜாக்கியில் கசிவு வருவதும் உண்டு.

"மேடம்" என்றார் அண்ணன். "பாரம் ஏறல. இறங்குது." பிறகு நிமிராமலே சொன்னார்: "ஒன்பதுதான் போச்சு. நடுவுல ஊத்தாம உருவிட்டேன். அந்த நாலு மூட்டையும் நான் வெச்சதுதான்."

முள் பத்து மில்லிமீட்டரைத் தாண்டியது. பதினெட்டைத் தாண்டியது. இன்ஜினியர் நிறுத்தச் சொன்னார்.

தையல்காரி வாசலைவிட்டு உள்ளே வந்து, முள்ளைப் பார்த்து, சுவரைப் பார்த்து, பிறகு பிள்ளைகளின் பாய் சுருட்டி வைத்திருந்த மூலையைப் பார்த்தாள். பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கம்பெனி அறிக்கையில் 'இயந்திரம் இயக்குபவரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதியது. சாயங்காலத்துக்குள் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்ற உத்தரவு யாருடையது என்று அதில் இல்லை. அண்ணனை இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சூப்பர்வைசரை இன்னும் பெரிய வேலை ஒன்றுக்கு மாற்றினார்கள். மேலே இருப்பவன் விழுந்தாலும் மேலேயே விழுகிறான். அவனுக்கு அடியில் ஏற்கெனவே யாரோ தூண் போட்டு வைத்திருக்கிறார்கள். பால்காரி இன்ஜினியரிடம் போய், பதினேழாம் குழியில் பாறை தொட்ட நேரமும் வாடகைக்காரர்களை உள்ளே விட்ட நேரமும் அறிக்கையில் வர வேண்டும் என்று கேட்டாள். இன்ஜினியர் தன் அறிக்கையில் எழுதினார். ஒரு வீட்டுக்குள் போடும் குழிக்கு இரண்டு நாள் என்பது அதன் பிறகு விதியாயிற்று. அந்த இரண்டு நாளும் வாடகைக்காரர்கள் தங்க இடம் தருவது சங்கத்தின் பொறுப்பு. சங்கம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டது.

வீட்டில் அண்ணி தட்டு வைக்கும் சத்தம் மாறவில்லை. "பதினாலு நாள் ஏன் பொறுத்த?" என்று மட்டும் கேட்டாள்.

கெட்டுப்போன பதினேழுக்கு ஈடாக அதன் இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு குழி. இரண்டாவதுக்கு அண்ணன் திரும்பி வந்தார். முதல் நாள் துளை; மறுநாள் பால். ஜன்னலுக்கு வெளியே பால்காரி கத்தியோடு நின்றாள். பத்தாவது மூட்டையில் இரண்டு தட்டு வந்தது. கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு. வெட்டினாள், கலக்கினாள், அனுப்பினாள். ஒரு மூட்டைப் பால் மூன்று நான்கு துண்டுக்கு வந்தது. மறுபடி ஒரு தட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு என்று பதினான்கு துண்டுக்கும் விடாமல் வந்தது.

கடைசியில் அண்ணன் ஜன்னலில் தலை நீட்டினார். முகமெல்லாம் சாம்பல்.

"எத்தனை?"

இருபது வருடத்தில் அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

"பதினாலு."

"இங்க கொடு" என்று கை நீட்டினார். காலி மூட்டைகளை வாங்கி, வாயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணினார். பதினாலு இருந்தது. கம்பி போட்டுக் கட்டி அவரே குழியின் தலையில் வைத்தார்.